பதிலாள்

இஸ்ரேலுடனான இராஜதந்திர உறவை அரசாங்கம் உடனடியாக முறித்துக்கொள்ள வேண்டும் என்பது நமது கூட்டங்களில் நிறைவேறும் தீர்மானங்களுள் ஆகச் சுலபமானது. முன்மொழிபவர் அமர்வதற்கு முன்பே வழிமொழிபவர் எழும்பிவிடுவார். எதிர்த்து ஒரு கை உயராது. தீர்மானம் பத்திரிகைக்குப் போகும், படத்தோடு வரும், அடுத்த வருடம் வேறொருவர் வாயால் அதே தீர்மானம் மறுபடியும் வரும். நான் அந்தத் தீர்மானத்துக்கு எதிராகவே எழுதுகிறேன். காஸாவில் பல்லாயிரம் உயிர்களைக் கொன்ற ஓர் அரசுக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமில்லை. இதைத் தனியாகச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது என்பதே நமது விவாதச் சூழலின் இலட்சணம். தூதரகத்தின் கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்றுதான் ஐம்பது வருடங்களாகப் பேசப்படுகிறது. அந்தக் கதவால் எது வந்தது, எது போனது, அதற்கு விலையாக யாருடைய உழைப்புக் கொடுக்கப்பட்டது என்று கேட்பவர் அரிது. தெரணியகலையில் இருந்துகொண்டு பார்க்கும்போது இந்தக் கேள்விதான் முதலில் கண்ணில் படுகிறது.

நம்மவர்களின் ஞாபகத்தில் 1970 ஒரு பொற்காலம். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி, தேர்தல் விஞ்ஞாபனத்தில் சொன்னபடியே, பதவியேற்ற சில மாதங்களுள் இஸ்ரேலுடனான உறவை நிறுத்திவைத்தது. கொழும்பிலிருந்த தூதரகம் மூடப்பட்டது. அமைச்சரவையில் பதியுத்தீன் மஹ்மூத் இருந்தார். பலஸ்தீன விடுதலை இயக்கத்துக்குக் கொழும்பில் அலுவலகம் வந்தது. 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு நடந்தது. 1959இல் இதே நாட்டின் கடற்படை இரண்டு போர்க்கப்பல்களை இஸ்ரேலிடமிருந்து வாங்கியிருந்தது என்ற சங்கதி இந்தக் கதையாடலில் இடம்பெறுவதில்லை. போகட்டும். மூடியது நல்ல காரியம் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் மூடிய கை யாருடையது? 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சாஸ்திரியோடு சேர்ந்து ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட அதே கை. தோட்டங்களில் வாழ்ந்த 975,000 மனிதர்களை எண்ணி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பங்குபோட்டு முடித்தார்கள். தூரத்து மண்ணில் வேர் பிடுங்கப்பட்டவர்களுக்காக இரங்கிய அரசாங்கம், தன் காலடியிலிருந்த லயத்தில் பிறந்தவனைப் பார்த்து நீ இந்த மண்ணுக்குரியவனல்ல என்றது. பிறந்தவனைக் கேட்டுவிட்டா செய்தது? அவனுக்காகப் பேச வந்தவர்களையே கேட்கவில்லை.

சப்ரகமுவவின் றப்பர் மலைகளிலிருந்து இறங்கிப்போன குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறின. நீலகிரியின் தேயிலைக்கும், கர்நாடகத்துப் புத்தூர், சுள்ளியா பக்கத்து றப்பர் காடுகளுக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தெரணியகலைக் கடைவீதியில் நம்மவர்களுடைய கடன் கொப்பிகளில் பெயர்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டபோதுதான் எத்தனை குடும்பம் போயிற்றென்று கடைக்காரருக்கே விளங்கியது என வாப்பா சொல்வார். போகிறவர்கள் கடனைத் தீர்த்துவிட்டுத்தான் போனார்களாம். அதை அவர் வியந்து சொல்வார். அதே அம்மையாரின் இரண்டாவது ஆட்சியில், பக்கத்து யட்டியாந்தோட்டையின் உறுப்பினரான என்.எம். பெரேரா நிதி அமைச்சராக இருந்த காலத்தில், தோட்டங்களுக்கு மாவும் அரிசியும் வராமல் 1973, 74இல் லயங்களில் பசியால் செத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வருடங்களிலும் இஸ்ரேலியத் தூதரகம் மூடியேதான் இருந்தது.

நமது இலக்கியத்தில் இவை எங்கே இருக்கின்றன? எம்.ஏ. நுஃமானின் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981இல் வந்த பிறகு தமிழ்க் கவிதைக்கு ஒரு புதிய மூச்சு வந்தது. அதை நான் மறுக்கவில்லை, அந்தத் தொகுதியை வைத்திருந்து கிழிந்தபின் மறுபடி வாங்கியவன் நான். ஆனால் அதற்குப் பிறகு எழுதவந்த நம்மவர்களின் கவிதைகளில் ஒலிவ மரம் காய்த்த அளவுக்கு றப்பர் மரம் பால் வடிக்கவில்லை. ஒலிவ மரத்தை வாழ்நாளில் கண்டிராதவர்களும் ஒலிவ மரத்தின் வேரைப் பற்றி எழுதுகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகும் பெண்ணுடைய பாட்டனுக்குப் பிரஜாவுரிமை இருந்ததா என்று கேட்டு எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கதவுக்கு வருகிறேன்.

1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் இறப்பர் அரிசி ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. வருடமொன்றுக்கு 50,000 தொன் றப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும், ஐந்து வருடத்துக்கு. வர்த்தக அமைச்சராக இருந்த ஆர்.ஜி. சேனநாயக்கவின் வேலை அது. அப்போது சீனாவுடன் நமக்குத் தூதரக உறவு கிடையாது. பீக்கிங்கில் நமது கொடியும் பறக்கவில்லை, கொழும்பில் அவர்களுடைய கொடியும் பறக்கவில்லை. அமெரிக்கா கோபித்துக்கொண்டு உதவியை நிறுத்தியது. முறைப்படி உறவு ஏற்பட்டது 1957 பெப்ரவரியில். அதற்கு முன்பே நான்கு வருடங்களாக எங்கள் மலைகளின் ஷீட் றப்பர் அவிசாவளை வழியாகக் கொழும்புத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் பண்டம் நம்முடையது, பால் வெட்டியவன் யாரென்ற பேச்சு மட்டும் எழவில்லை. ஒப்பந்தம் கையொப்பமாவதற்கு மூன்று வருடங்களுக்கு முன்புதான் அவனுடைய வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்தது.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1961இல் முறிந்த உறவை மீட்டு, 2015 ஜூலை 20ஆம் திகதி அமெரிக்காவும் கியூபாவும் தூதரகங்களைத் திறந்தன. தொண்ணூறு மைல் தூரத்து அயலவர்கள் ஐம்பத்து நான்கு வருடங்களுக்குப் பிறகு கைகுலுக்கியதை உலகமே படம்பிடித்தது. வர்த்தகத் தடை அப்படியே கிடந்தது. (சே குவேரா 1959 ஆகஸ்டில் ஹொரணைப் பக்கத்து யஹலகலைத் தோட்டத்துக்கு வந்து மரம் நட்டுவிட்டுப் போனார் என்பதை இங்குள்ள இடதுசாரித் தோழர்கள் ஒருபோதும் மறப்பதில்லை. அவர் வந்தது றப்பரைப் பார்ப்பதற்கு.) ஆக, கதவில்லாமலே பண்டம் போகும். கதவைத் திறந்துவைத்துக்கொண்டே பட்டினி போடவும் முடியும்.

இஸ்ரேல் விடயத்திலும் நடந்தது இதுதான். 1984இல் ஜே.ஆர். ஜயவர்தன, கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் நிழலில் ‘இஸ்ரேலிய நலன்கள் பிரிவு’ ஒன்றைத் திறந்தார். பெயரைக் கவனியுங்கள், உறவு என்று சொல்லாமலே உறவு. இராணுவத்துக்குப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், கடற்படைக்குத் துவோரா படகுகள் வந்தன. வெளிநாட்டமைச்சர் யார்? ஏ.சீ.எஸ். ஹமீது. முஸ்லிம்கள் வீதிக்கு இறங்கியபோதும் அவர் நாற்காலியில் இருந்தார், 1989 வரைக்கும் இருந்தார். அமைச்சரவையில் நம்மவர் ஒருவர் இருப்பதைக் காப்பீடாக நினைப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

1990இல் பிரேமதாச அந்தப் பிரிவை இழுத்து மூடினார். பள்ளிகளில் துஆக் கேட்டார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் உடுத்த துணியோடு விரட்டப்பட்டார்கள். இரண்டையும் காரண காரியமாக முடிச்சுப்போடுவது என் நோக்கமில்லை. மொசாட் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் விளக்கிவிடும் பழக்கம் நம்மிடையே தாராளமாக உண்டு, அதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நான் சொல்வது இவ்வளவுதான்: இஸ்ரேலியர் வெளியேறிய வருடத்தில் நம்மைக் காக்க ஒருவருமில்லை. கொழும்பில் மூடிய கதவு ஏறாவூருக்கும் உதவவில்லை, எருக்கலம்பிட்டிக்கும் உதவவில்லை.

சந்திரிகாவின் அரசாங்கம் 1996இல் கிபீர் விமானங்களை விமானப்படையில் சேர்த்தபோதும் இஸ்ரேலுடன் தூதரக உறவில்லை. உறவில்லாத நாட்டின் விமானம் வன்னியின் மேலால் பறந்தது. கீழே இருந்தவர்கள் தமிழர்கள். அப்போது நமது கூட்டங்களில் கிபீருக்கு எதிராக எத்தனை தீர்மானங்கள் வந்தன? இஸ்ரேல் என்றால் கொதிக்கும் நமது இரத்தம் இஸ்ரேலிய இயந்திரம் என்றால் ஏன் ஆறிப்போகிறது? நம்மை விரட்டியவர்கள் மீதுதானே குண்டு விழுகிறது என்ற எண்ணம் சிலரிடம் இருந்தது என்பதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. விரட்டியவர்கள் மீது மட்டுமா விழுந்தது?

2000 ஏப்ரல் 22இல் ஆனையிறவு வீழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட படையினர் முடக்கப்படும் நிலை. அடுத்த மாதமே இஸ்ரேலுடனான முழு இராஜதந்திர உறவு மீட்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. முப்பது வருடத்துக் கொள்கைக்கு முடிவு கட்ட இரண்டு வாரம் போதுமாயிருந்தது. வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர். ஆளும் கூட்டணியின் அமைச்சரவையில் எம்.எச்.எம். அஷ்ரப். ‘நான் எனும் நீ’யின் கவிஞர். அதே வருடம் செப்டெம்பர் 16ஆம் திகதி அவருடைய ஹெலிகொப்டர் எங்கள் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்க மலையில் விழுந்து அவர் மறைந்தார். அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. மே மாதத்தில் அவர் இருந்தார் என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

2000இல் நடந்த மீட்பைப் பற்றி எனது நிலைப்பாட்டை மறைக்க விரும்பவில்லை. உறவை மீட்டதை நான் பாவமாகக் கருதவில்லை. எகிப்து 1979இலும் ஜோர்தான் 1994இலும் சமாதான உடன்படிக்கை செய்துவிட்டன. துருக்கி 1949இலேயே இஸ்ரேலை அங்கீகரித்தது. பலஸ்தீனர்களே 1993இல் ஒஸ்லோவில் பேசினார்கள். ஒரு நாடு இன்னொரு நாட்டோடு பேசுவதற்கு வாய் வேண்டும். பேசுவதென்பது நற்சான்றிதழ் கொடுப்பதாகாது. நான் ஆட்சேபிப்பது அந்த மீட்பின் விலையை. குண்டுக்காக மீட்கப்பட்ட உறவு அது. ஓர் அரசாங்கம் இஸ்ரேலோடு பேச வாயைத் திறந்தது, திறந்த வாயால் பலஸ்தீனத்தைப் பற்றி ஒரு வார்த்தை உரத்துச் சொல்லியிருந்தால் அந்த வாய்க்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும். இன்னொன்று: 2000க்குப் பிறகும் இஸ்ரேல் கொழும்பில் நிரந்தரத் தூதரகம் அமைக்கவில்லை, புதுடில்லியிலுள்ள தூதரே இலங்கைக்கும் சேர்த்துப் பொறுப்பு. நமது அரசுதான் டெல் அவிவில் தூதரகம் வைத்தது. எதற்கு? ஆள் அனுப்புவதற்கு.

இனி வருவதுதான் இக்கட்டுரையின் காரணம்.

2023 ஒக்டோபர் 7ஆம் திகதி ஹமாஸின் தாக்குதலில் கொல்லப்பட்டவர்களுள் இலங்கையர் இருவரும் அடக்கம். பிழைப்புக்குப் போனவர்கள். போர் தொடங்கியதும் இஸ்ரேலியப் பண்ணைகளில் வேலை செய்த தாய்லாந்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். பலஸ்தீனத் தொழிலாளரின் அனுமதிப்பத்திரங்களை இஸ்ரேல் நிறுத்தியது. மேற்குக்கரையிலிருந்து மட்டும் ஒன்றரை இலட்சம் பேரளவில் ஒவ்வொரு நாளும் எல்லை கடந்து போய்க் கட்டடத்திலும் தோட்டத்திலும் உழைத்து வந்தவர்கள், ஒரே நாளில் வீட்டில் உட்கார்த்தப்பட்டார்கள். அடுத்த மாதமே, காஸாவின் மேல் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே, பத்தாயிரம் விவசாயத் தொழிலாளரை அனுப்புவதற்கு இலங்கை அரசு இஸ்ரேலோடு உடன்படிக்கை செய்தது. கிபீரை வாங்க மீட்கப்பட்ட உறவு கூலியை விற்க உதவியது.

அதே அரசாங்கம் 2024 ரமழானில் ‘காஸா சிறுவர் நிதியம்’ தொடங்கியது. அரச நிறுவனங்கள் இஃப்தார் நடத்தும் பணத்தை அந்த நிதியத்துக்குக் கொடுக்கும்படி கேட்டது. பத்து இலட்சம் டொலர் திரட்டிக் கொடுத்தது. நமது அமைப்புகள் நன்றி தெரிவித்தன. வலது கை கொடுப்பதை இடது கை அறியாதிருக்கட்டும் என்பது ஸதக்காவின் ஒழுக்கம். இங்கே இடது கை செய்வதை வலது கை அறியாதது போலிருந்தது.

2024இல் ஆட்சி மாறியது. எதிர்க்கட்சியாக இருந்தபோது பலஸ்தீன மேடைகளில் முன்வரிசையில் நின்றவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். இஸ்ரேலுக்கு ஆள் போவது 2025இலும் நிற்கவில்லை. 2025 மார்ச்சில் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிராக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிய முஸ்லிம் இளைஞரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து வைத்தார்கள். ஏப்ரலில்தான் பிணை கிடைத்தது. எந்தக் கட்சியின் மீதும் எனக்குத் தனிப்பட்ட வன்மம் இல்லை. 1970இலிருந்து வரிசையாகப் பாருங்கள், பலஸ்தீனம் என்பது எதிர்க்கட்சியில் இருக்கும்போது உடுக்கும் சட்டையாகவே இருந்து வந்திருக்கிறது. மஹிந்த ராஜபக்ஷ பலஸ்தீன ஒருமைப்பாட்டுக் குழுவை வளர்த்தவர். 2014 ஜனவரியில் ஒரே பயணத்தில் ரமல்லாவுக்கும் போனார், இஸ்ரேலுக்கும் போனார்.

என்னிடம் படித்த ஒரு பையன். தோட்டத்துப் பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரன், சாதாரண தரத்தோடு நின்றுவிட்டான். இஸ்ரேலுக்குப் போக விண்ணப்பம் போடப்போகிறேன் என்று வந்தான். ஆங்கிலப் படிவத்தை வாசித்து விளங்கப்படுத்தச் சொன்னான். நீ போகிற வேலையிலிருந்து யாரை நிறுத்தியிருக்கிறார்கள் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும் சேர். டிவியில பாக்குறோம்தானே.”

“அப்ப?”

“எங்க பாட்டன கூட்டியாந்தப்ப, யாரோட வேலைக்குன்னு கேட்டுட்டா சேர் கூட்டியாந்தாங்க?”

நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனே சொன்னான்: “நாளைக்கு 1,350. அதுவும் முழுப் பேர் விழுந்தாத்தான். மழ பேஞ்சா பால் வெட்டு இல்ல. இங்க எப்ப சேர் மழ பேயல?”

2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படைச் சம்பளம் அது. தெரணியகலையின் மழையைத் தெரிந்தவர்களுக்கு மாதத்தில் எத்தனை பேர் விழும் என்று நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவனுடைய கேள்வி ஆழமானது. வெள்ளைத் துரைகள் தோட்டம் திறந்தபோது கண்டிய கிராமத்தவன் அந்தக் கூலிக்கு வர மறுத்தான். அவனுக்குப் பதிலாகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவன் இவனுடைய பாட்டன். பதிலாளாக வந்ததனாலேயே கிராமத்தவனின் பகையைச் சுமந்தான், பதிலாளாக வந்ததனாலேயே நாடற்றவனாக்கப்பட்டான். இப்போது பேரன் இன்னொரு மண்ணில், நாடற்றவனாக்கப்பட்ட இன்னொருவனுக்குப் பதிலாளாகக் கேட்கப்படுகிறான். இதைவிடக் கச்சிதமான ஒரு கொடுமையைக் கதையில் எழுதினால் செயற்கை என்று நமது விமர்சகர்கள் ஒதுக்கியிருப்பார்கள். காலனித்துவம் என்ற சொல்லை நமது பக்கங்களில் எவ்வளவோ பேர் எழுதியிருக்கிறார்கள். அது இந்தப் பையனின் விண்ணப்பப் படிவத்தில் இருக்கிறது.

போகாதே என்று அவனுக்குச் சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது? தோட்டத்துக்காரனுக்குப் பலஸ்தீனத்தின் அருமை தெரியாது என்று ஒரு நண்பர் சொன்னார். வளைகுடாவில் பதினைந்து வருடம் வேலை செய்து ஊரில் மாடி வீடு கட்டியவர். மூதூரின் ரிஸானா நபீக்கின் தலையை 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதி அரேபியா வெட்டியது. இலங்கை தனது தூதரைத் திருப்பி அழைத்தது. சவூதியுடன் உறவை முறி என்று நமது எந்தக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது? பெண்களை ஏற்றிய விமானங்கள் நிற்கவில்லை. ரியாதுக்கு ஒரு நியாயம், டெல் அவிவுக்கு ஒரு நியாயம் என்றால், நமது கோபம் அநியாயத்தின் மீதா, அநியாயம் செய்பவனின் மதத்தின் மீதா? யூதன் என்பதற்காக ஒருவனை வெறுப்பதற்கு எனக்கு மார்க்கத்தில் இடம் தெரியவில்லை. ஆக்கிரமிப்பாளன் என்பதற்காக எதிர்ப்பதென்றால், அந்த எதிர்ப்பு எல்லா முதலாளியிடமும் போக வேண்டும்.

அரபுலகத்தோடு நமக்குள்ள உறவின் கணக்கையும் தோட்டமே தீர்க்கிறது. சப்ரகமுவவின் தாழ்நிலத் தேயிலைக்குப் பெரிய வாடிக்கையாளர்கள் மத்திய கிழக்கு நாடுகள்தான். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான சுமார் 25 கோடி டொலர் கடனைத் தேயிலை கொடுத்துத் தீர்ப்பதென்று 2021இல் உடன்பட்டார்கள். கொழுந்து பறித்தவளுக்குத் தான் தெஹ்ரானின் கடனை அடைக்கிறேன் என்று தெரியாது. இலங்கையின் வெளிநாட்டுக் கொள்கையை எழுதுவது கொழும்பு குடியரசுக் கட்டடத்தில், செலுத்துவது மலையில். 1952இல் றப்பராக, 1964இல் மனிதராக, 2021இல் தேயிலையாக, 2023இல் மறுபடியும் மனிதராக.

ஆகவே உறவை முறி என்ற தீர்மானத்துக்கு நான் கையுயர்த்த மாட்டேன். அது எந்த அரசாங்கத்துக்கும் வசதியான கோரிக்கை. நிறைவேற்ற வேண்டிய அவசியமில்லை, நிறைவேற்றினாலும் எதுவும் மாறாது, 1984 போல இன்னொரு தூதரகத்தின் நிழலில் எல்லாம் நடக்கும். அதற்குப் பதிலாகச் செய்வதற்குச் சிரமமான சிலவற்றைக் கேட்கலாம். பலஸ்தீனத் தொழிலாளர் தடுக்கப்பட்ட இடங்களுக்கு இலங்கையர் அனுப்பப்படக் கூடாது என்று கேட்கலாம். 2023இன் அந்த உடன்படிக்கையின் ஒவ்வொரு வாசகமும் சிங்களத்திலும் தமிழிலும் தோட்டத்து வாசிகசாலையில் தொங்க வேண்டும் என்று கேட்கலாம். இஸ்ரேலிடமிருந்து ஆயுதமும் உளவுக் கருவியும் வாங்கிய கணக்கைப் பாராளுமன்றத்தில் வைக்கும்படி கேட்கலாம். டெல் அவிவில் ஒரு தூதர் இருக்கிறாரே, அவர் வாயைத் திறக்கட்டும் என்று கேட்கலாம்.

இவற்றோடு இன்னொன்றையும் கேட்காவிட்டால் மேலே சொன்ன நான்கும் வெறும் பேச்சு. தெரணியகலையில், யட்டியாந்தோட்டையில், தெஹியோவிட்டவில் பால் வெட்டுகிறவனுக்கும் கொழுந்து பறிக்கிறவளுக்கும் இங்கேயே வாழக்கூடிய சம்பளமும், லயத்துக்குப் பதிலாகச் சொந்தப் பெயரில் ஒரு துண்டுக் காணியும். இது பலஸ்தீனப் பிரச்சினையோடு சம்பந்தமில்லாத விடயம் என்று சொல்லுகிறவர்கள், அந்தப் பையனின் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுச் சொல்லட்டும்.

அவன் போகவில்லையா என்று கேட்பீர்கள். நேர்முகத் தேர்வுக்குப் போனான். கைகளைக் காட்டச் சொன்னார்களாம்.